வெறுப்புக்கு எதிராக உலக நாடுகள் பேசுவதால் நமக்கு என்ன?



ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 15ஆம் தேதி வந்தால் செய்தித்தாளின் ஒரு மூலையில் ஒரு செய்தி வரும். முஸ்லிம்கள் மீதான வெறுப்பை எதிர்க்கும் சர்வதேச நாளையொட்டி ஐக்கிய நாடுகள் சபையில் கூட்டம் நடந்தது, இன்ன நாட்டுத் தூதர் இன்னது பேசினார் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு நம்மில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். நியூயார்க்கில் தீர்மானம் போட்டால் பழவேற்காட்டில் என்ன மாறப் போகிறது? கடலுக்குப் போய் வருகிறவரும் கேட்கிறார், பொன்னேரிக்குப் படிக்கப் போகும் பிள்ளையும் கேட்கிறது.

நியாயமான கேள்வி. அதற்கு "எல்லாம் சரியாகிவிடும்" என்பதும் பதில் அல்ல, "ஒன்றும் ஆகாது" என்பதும் பதில் அல்ல. நம்முடைய தமிழையே பேசும் இலங்கை முஸ்லிம்கள் 2020, 2021ஆம் ஆண்டுகளில் தங்கள் மய்யித்துகளை அடக்கம் செய்யும் உரிமையை இழந்து, மீண்டும் பெற்றார்கள். உலக நாடுகளின் பேச்சு எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்று அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே நாம் புரிந்துகொள்ளலாம். முதலில் இந்தத் தீர்மானங்கள் எப்படி வந்தன என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

தீர்மானம் வேறு, உடன்படிக்கை வேறு

ஐ.நா. பொதுச் சபையில் 193 நாடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. அங்கே நிறைவேறும் தீர்மானம் சட்டம் அல்ல. அதை மீறும் நாட்டைப் பிடித்துக் கொண்டுபோக ஐ.நா.விடம் போலீஸ் கிடையாது.

அப்படியென்றால் அதற்கு என்ன மதிப்பு? நம் ஏரியில் மீனவக் கிராமங்கள் வைத்திருக்கும் பாடு முறையை நினைத்துப் பாருங்கள். எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை அவர்கள் தங்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொள்கிறார்கள். மீறினால் உடனே போலீஸ் வருவதில்லை. ஆனால் மீறியவர் ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்குத் தனக்கு ஒரு தேவை என்றால் அதே நாலு பேரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் கூச்சமும் அந்தத் தேவையும்தான் முறையைக் காப்பாற்றுகின்றன. நாடுகளுக்கு நடுவிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

உடன்படிக்கை என்பது இதைவிடக் கனமானது. ஒரு நாடு தானே ஒப்புக்கொண்டு கட்டுப்படுவது அது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. இந்தியா 1979இலும் இலங்கை 1980இலும் அதை ஏற்றன. ஒருவர் தன் மதத்தைப் பின்பற்றும் உரிமையை அதன் 18ஆம் பிரிவு பாதுகாக்கிறது. பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பிரசாரத்தைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு.

மதத்தைக் காப்பதா, மனிதரைக் காப்பதா

1999 முதல் 2010 வரை, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பைச் சேர்ந்த நாடுகள் ஐ.நா.வில் ஒரு கோரிக்கையை ஆண்டுதோறும் வைத்து வந்தன. மதங்களை இழிவுபடுத்துவதை உலகம் கண்டிக்க வேண்டும் என்பது அது. 57 நாடுகள் கொண்ட அமைப்பு என்பதால் தீர்மானங்கள் நிறைவேறின. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு எதிர்ப்பும் வளர்ந்தது. மதத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் சில அரசுகள் கேள்வி கேட்கிறவர்களையும் சிறுபான்மையினரையும் சிறையில் தள்ளும் என்று பல நாடுகள் வாதிட்டன.

2011 மார்ச்சில் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைப் பேரவையில் ஒரு வழி பிறந்தது. 16/18 என்று எண்ணிடப்பட்ட தீர்மானம் வாக்கெடுப்பே இல்லாமல் ஏகமனதாக நிறைவேறியது. மதத்தை இழிவுபடுத்துவது என்ற பேச்சை விட்டுவிட்டு, மதத்தின் காரணமாக மனிதர் மீது காட்டப்படும் சகிப்பின்மை, பாகுபாடு, வன்முறைத் தூண்டல் ஆகியவற்றை அது பேசியது. இது சின்ன மாற்றம் அல்ல. அல்லாஹ்வின் மார்க்கத்தை அல்லாஹ் காப்பான். பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வீடு திரும்பும் மனிதரைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. அந்தக் கடமையைத்தான் 16/18 நினைவூட்டியது.

அந்தக் கடமை தவறினால் என்ன ஆகும் என்பதை 2019 மார்ச் 15 காட்டியது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆ நேரத்தில் ஒருவன் சுட்டதில் 51 பேர் ஷஹீதானார்கள். அவர்களில் இந்தியர்களும் இருந்தனர். தாக்குதலைக் கொலையாளி இணையத்தில் நேரலையாகக் காட்டினான். இரண்டு மாதம் கழித்து நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் பாரிசில் நாடுகளையும் பெரிய இணைய நிறுவனங்களையும் கூட்டினார்கள். இத்தகைய காட்சிகள் பரவுவதைத் தடுப்போம் என்று அங்கே எடுக்கப்பட்ட உறுதிமொழிக்கு இந்தியாவும் ஆதரவு தந்தது.

2022 மார்ச் 15 அன்று, பாகிஸ்தான் முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, அந்தத் தேதியையே இஸ்லாமிய வெறுப்பை எதிர்க்கும் நாளாகப் பொதுச் சபை அறிவித்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. அன்று இந்தியாவின் சார்பில் பேசியவர் தூதர் டி.எஸ். திருமூர்த்தி. ஒரு மதத்துக்கு எதிரான வெறுப்பை மட்டும் தனியாக எடுத்துச் சொல்வது சரியல்ல, இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்களுக்கு எதிராகவும் வெறுப்பு இருக்கிறது என்பது அவர் வைத்த வாதம். 2024 மார்ச் 15 அன்று இதைத் தடுக்கச் சிறப்புத் தூதர் ஒருவரை நியமிக்கக் கோரும் தீர்மானம் வந்தபோது 115 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை. இந்தியா உட்பட 44 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. 2025 மே மாதம் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மிகேல் மொராட்டினோஸ் அந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார்.

இந்தியாவின் நிலைப்பாட்டைக் கேட்டு வருந்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு சமுதாயத்தின் காயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் மற்றவர் காயத்தை மறுத்ததாகாது என்பதே எங்கள் கருத்தும். ஆனால் இதில் நமக்கு ஒரு பிடியும் இருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் எதிரான வெறுப்பையும் எதிர்க்க வேண்டும் என்று நம் நாடு உலக சபையிலேயே பேசியிருக்கிறது. அந்த "எல்லா" என்பதில் நாமும் அடக்கம். புகார் மனு எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இலங்கையில் நடந்தது

இனி இலங்கைக்கு வருவோம். கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நோயால் இறந்தவரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம், தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று அது தெளிவாகச் சொன்னது. இலங்கைச் சுகாதாரத் துறையின் முதல் வழிகாட்டியிலும் இரண்டுக்கும் இடம் இருந்தது.

மார்ச் 30 அன்று நீர்கொழும்பில் ஒரு முஸ்லிம் கொரோனாவால் இறந்தார். அவருடைய மய்யித் எரிக்கப்பட்டது. அடுத்த நாளே வழிகாட்டி திருத்தப்பட்டது. ஏப்ரல் 11 அன்று, எரிப்பது கட்டாயம் என்று அரசிதழில் வெளியானது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலகின் பெரும்பாலான நாடுகளில் புதைக்க இடம் இருந்தபோது இந்தத் தீவில் இந்தக் காரணம் சொல்லப்பட்டது.

குளிப்பாட்டி, கஃபன் இட்டு, தொழுது, மண்ணில் அடக்கம் செய்வது ஊரின் மீது உள்ள ஃபர்ளு கிஃபாயா. அந்தக் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கப்பட்ட குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிலர் எரிக்கச் சம்மதித்துக் கையெழுத்திட மறுத்தார்கள். அவர்கள் பெற்றுக்கொள்ளாத மய்யித்துகளையும் அரசே எரித்தது. மருத்துவமனைக்குப் போனால் இறந்த பிறகு எரித்துவிடுவார்கள் என்று பயந்து, நோயை மறைத்தவர்களும் உண்டு. நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவே இப்படி நோயை மறைக்க வைத்தது.

குடும்பங்களும் அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 1 அன்று மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி செய்தது. சில நாட்களில், பிறந்து 20 நாளே ஆன ஒரு பச்சைக் குழந்தையின் மய்யித்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமலே கொழும்பில் எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடே விழித்தது எனலாம். மயானத்தின் வாயிற்கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கஃபனின் நினைவாக முஸ்லிம்கள் தொடங்கிய இந்த அமைதிப் போராட்டத்தில் கிறிஸ்தவர்களும் தமிழர்களும் சிங்களவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கதவு எப்படித் திறந்தது

உள்நாட்டு நீதிமன்றக் கதவு மூடிய பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

2020 டிசம்பரில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு தன் கவலையை வெளியிட்டது. 2021 ஜனவரித் தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கம், புதைப்பதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அடக்கம் செய்யலாம் என்று அறிவித்தது. ஜனவரி 25 அன்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் நான்கு பேர் சேர்ந்து, கட்டாயமாக எரிப்பது மனித உரிமை மீறல், இதை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழர்கள் நடத்திய நீண்ட பேரணியில் முஸ்லிம்களும் திரளாகக் கலந்துகொண்டார்கள். ஜனாஸா எரிப்பை நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பேரணியின் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பிறகும் மனக்கசப்பு தீராத இரு சமுதாயங்கள் அன்று ஒரே சாலையில் நடந்தன.

பிப்ரவரி 10 அன்று பிரதமர் மகிந்த ராஜபக்ச, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அடுத்த நாளே அரசாங்கம் பின்வாங்கியது. ஆனால் பிப்ரவரி 22 அன்று ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கியது. போர்க்காலக் குற்றங்கள் பற்றி இலங்கைக்கு எதிரான ஒரு தீர்மானம் அங்கே வரவிருந்தது. அதைத் தோற்கடிக்க முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் இலங்கைக்குத் தேவைப்பட்டன. பிப்ரவரி 23 அன்று பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். அங்குள்ள முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவரைச் சந்தித்தார்கள். 24 அன்று அவர் திரும்பினார். 25ஆம் தேதியிட்ட அரசிதழில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது.

நீதிமன்றம் தராததைத் தூதரகங்கள் பெற்றுத் தந்தன என்று இதைச் சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மருத்துவர்கள் சொன்ன சான்று இல்லாவிட்டால் நாடுகள் எதை வைத்துப் பேசியிருக்கும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடந்ததை எழுதி வைத்து, மனுவாக்கி, அனுப்பியவர்கள் இல்லாவிட்டால் ஐ.நா. அறிக்கையாளர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் தமிழ் அரசியல் தலைவரும் வழக்கறிஞருமான எம்.ஏ. சுமந்திரனும் ஒருவர். முஸ்லிம் அல்லாத ஒருவர் எழுந்து பேசும்போது, இது ஒரு பிரிவினரின் பிடிவாதம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

உலக நாடுகளின் பேச்சு கடைசியில் வந்து கதவைத் தள்ளியது. அதற்கு முன் பல மாதங்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் அந்த மண்ணின் மக்கள்.

பேச்சின் எல்லை

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்ச் 23 அன்று ஜெனீவாவில் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. முஸ்லிம்களின் உடல்களை எரித்த கொள்கையையும் அது குறிப்பிட்டிருந்தது. 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 ஒதுங்கின. எதிர்த்த 11இல் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருந்தன. இந்தோனேசியா ஒதுங்கியது, இந்தியாவும் ஒதுங்கியது. நாடுகள் தங்கள் நலனைப் பார்த்துத்தான் வாக்களிக்கின்றன. முஸ்லிம் நாடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே வெளிநாடு வந்து நம்மைக் காக்கும் என்று உட்கார்ந்திருப்பது எந்த ஊர் முஸ்லிமுக்கும் வழியாகாது.

இன்னொன்றும் நடந்தது. அனுமதி கொடுத்த அரசாங்கம், அடக்கம் செய்ய முதலில் சுட்டிய இடம் இரணைதீவு. போரின்போது வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் போராடி 2018இல்தான் திரும்பி வந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீனவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் இது எங்கள் விருப்பமல்ல என்றார்கள். இரண்டு சிறுபான்மையினரை மோதவிடக்கூடிய ஒரு முடிவை இரு தரப்பும் சேர்ந்து மறுத்தது பெரிய விஷயம். மீனவக் கிராமத்தில் வாழும் நமக்கு இதன் அருமை தெரியும். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டு, மார்ச் 5 முதல் அடக்கம் நடந்தது. தீவின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்ற நிலை ஓராண்டு நீடித்தது. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், மற்ற மதத்தாரும் உண்டு.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை கட்டாயமாக எரித்ததற்கு மன்னிப்புக் கேட்டது. இனி எந்தச் சமுதாயத்தின் இறுதிச் சடங்கு உரிமையும் பறிக்கப்படாதபடி சட்டம் கொண்டுவரப்படும் என்றும் அறிவித்தது. எரிக்கப்பட்ட மய்யித்துகள் திரும்பி வராது. அந்தக் குடும்பங்களுக்கு அல்லாஹ் பொறுமையைத் தருவானாக.

நம் நாட்டில் நம் கையில் இருப்பது

இதைப் படித்துவிட்டு நம் நிலைமையும் அப்படித்தான் என்று யாரும் பயப்பட வேண்டாம். நம் நாட்டின் வழி வேறு. நம்முடைய முதல் பிடி நம் அரசியல் சாசனம்தான். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது 14ஆம் பிரிவு, மதத்தின் பேரால் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 15. மதத்தைப் பின்பற்றும் உரிமையை 25ஆம் பிரிவு தருகிறது.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அந்த மாதமே தமிழ்நாடு அரசு, இறுதிச் சடங்கைத் தடுப்பவர்களுக்குத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் தன்னார்வலர்கள் எல்லா மதத்தாரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். இலங்கையில் ஓராண்டு எடுத்தது இங்கே சில நாட்களில் நடந்ததற்குக் காரணம், நம்மிடம் சட்டமும் இருந்தது, மனிதர்களும் இருந்தார்கள்.

மத வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டங்களும் நம்மிடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, மதத்தின் பேரால் சமுதாயங்களுக்கிடையே பகைமை வளர்ப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை, வழிபாட்டுத் தலத்தில் நடந்தால் 5 ஆண்டு வரை. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவதற்கு 299ஆம் பிரிவு. கபரஸ்தானில் அத்துமீறுவதற்கு 301. இவை எல்லா மதத்தாருக்கும் பொது.

2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவிட்டது. வெறுப்புப் பேச்சு நடந்தால் புகார் வரும்வரை காத்திருக்காமல் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும், பேசியவர் எந்த மதம் என்று பார்க்கக் கூடாது என்பது அது.

ஒரு வீடியோ வந்தால் என்ன செய்வது

இப்போது வெறுப்பு நம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொதிக்கிறார்கள், பதிலுக்குக் கோபமாக ஏதாவது எழுதுகிறார்கள். முதலில் பேசியவன் தப்பித்துவிட, பதில் எழுதிய பிள்ளை மீது வழக்கு வருவதும் உண்டு. போலீஸ் சரிபார்ப்பில் அது நின்றால் வெளிநாட்டு வேலையும் போகும், அரசு வேலையும் போகும்.

எது வெறும் கடுமையான விமர்சனம், எது தண்டிக்கத்தக்க தூண்டுதல் என்று பிரித்தறிய, 2012இல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஐ.நா. நிபுணர்கள் ஆறு அளவுகோல்களை வகுத்தார்கள். அவற்றைக் கேள்விகளாகத் தருகிறோம். எந்தச் சூழ்நிலையில் பேசப்பட்டது? பேசியவர் மக்களிடம் செல்வாக்கு உள்ளவரா? தூண்டும் நோக்கம் இருந்ததா? சொன்ன வார்த்தைகள் என்ன, எந்த விதத்தில் சொல்லப்பட்டன? எவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தது? அதனால் உடனே தீங்கு நடக்க வாய்ப்பு உண்டா? நம் மார்க்கத்தைப் பற்றி ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியிருந்தால் விளக்கம் சொல்வது போதும். "இவர்களிடம் வாங்காதே, இவர்களை ஊரைவிட்டு விரட்டு, அடி" என்று வந்தால் அது புகாருக்கு உரியது.

புகார் என்று முடிவானால் கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். பரப்புவதால் வெறுப்பு வைத்தவருக்குத்தான் லாபம். நீங்களும் சிக்கலில் மாட்டலாம்.

2. வந்த பதிவை அழிக்காமல் வைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யார் போட்டது, எந்த நாள், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. தனியாகப் போகாமல் ஜமாஅத் நிர்வாகிகள் இருவருடன் காவல் நிலையம் செல்லுங்கள். புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், வசை வேண்டாம். மனு ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. அதற்குப் பொறுமையாக ஒத்துழையுங்கள்.

4. புகாரை எடுக்க மறுத்தால் அதை எழுத்தில் தபால் மூலம் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் செல்லலாம். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம்.

5. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தை அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

இலங்கைக் குடும்பங்கள் எழுதி வைத்ததுதான் கடைசியில் ஜெனீவா வரை போனது. நாமும் எழுதி வைக்கப் பழக வேண்டும்.

நம் பங்கு

16/18 தீர்மானம் ஒரு வழிப்பாதை அல்ல. நமக்கு வேண்டும் என்று கேட்பதை நாமும் பிறருக்குத் தர வேண்டும். பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்பது ஐ.நா. பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மார்க்கம் நமக்குச் சொன்ன கட்டளை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் மற்ற மதத்தாரைக் கேலி செய்யும் பதிவு வந்தால், "தம்பி, இதை எடுத்துவிடு" என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நம் ஊரில் பள்ளிவாசலும் மகிமை மாதா கோயிலும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் எத்தனையோ தலைமுறைகளாக ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஆண்டு, தங்கள் கல்லறைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லறைகளுக்குக்கூட இந்த மண் இடம் கொடுத்தது. முகத்துவாரம் அடைத்தாலும் புயல் வந்தாலும் எல்லாக் குப்பத்துப் படகும் ஒன்றாகத்தான் கரையில் நிற்கிறது. நாளை நமக்கு ஒரு சோதனை என்றால் முதலில் வந்து நிற்கப் போவது ஜெனீவாவின் தூதர் அல்லர், பக்கத்துக் குப்பத்துக்காரர்தான். அவர் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போயிருக்கிறோமா என்பதே நம் பாதுகாப்பின் முதல் கேள்வி.

மேலே சொன்ன புகார் வழிமுறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். மனு எழுத உதவி வேண்டுவோருக்கும், பெண்கள் வந்தால் அவர்களோடு உட்கார்ந்து எழுதித் தர எங்கள் சகோதரிகளும் அங்கே இருப்பார்கள். இந்தத் தாளை வீட்டில் பிள்ளைகள் கையில் கொடுத்து ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் நாட்டில் எல்லா மக்களையும் அமைதியோடு வாழ வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.